உங்க தமிழ் மெயில் ஏன் கேள்விக்குறியா போய்ச் சேருது? தப்பு உங்க மேல இல்ல!

சித்தி வீட்டு ஃப்ரிட்ஜ் வாங்கி எட்டு மாசம்கூட ஆகலை. ரெண்டு தடவை மெக்கானிக் வந்து பார்த்தும் கூலிங் வரலை. கம்பெனியோட இணையதளத்தில் புகார் எழுத ஒரு படிவம் இருந்தது. சித்திக்கு இங்கிலீஷில் கோர்வையாக எழுத வராது. ஆனால் போனில் தமிழ் டைப் பண்ணுவதில் என்னைவிட வேகம். எந்தத் தேதியில் வாங்கினார், மெக்கானிக் வந்து என்ன சொன்னார், எவ்வளவு பணம் கட்டினார் என எல்லாத்தையும் பொறுமையாக ஒரு பக்கத்துக்குத் தமிழில் எழுதி அனுப்பினார்.

அஞ்சே நிமிஷத்தில் 'உங்கள் புகார் கிடைத்தது' என்று மெயில் வந்துவிட்டது. அடியில் அவர் எழுதிய புகாரின் நகல். அது இப்படித்தான் இருந்தது:

"???????? 2 ???? ?????? ?????????. 18,500 ?????? ????????????."

எண்களும் புள்ளிகளும் மட்டும் தப்பிப் பிழைத்திருந்தன. மற்ற எல்லாமே கேள்விக்குறி. ரெண்டு நாள் கழித்து அடுத்த மெயில்: 'போதிய விவரங்கள் இல்லாததால் உங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது.'

சித்தி எனக்கு போன் பண்ணிக் கேட்டது ஒரே கேள்விதான். "ஏம்ப்பா, நான்தான் எதையாச்சும் தப்பா அமுக்கிட்டேனோ?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருக்கலாம். காலேஜுக்கு அனுப்பிய மெயில், ஹெச்ஆர் அனுப்பிய மெயில், அப்பா பெயர் இருக்கும் ஏதோ ஒரு ரசீது... எங்கேயோ தமிழ் உடைந்திருக்கும். நாமும் 'நம்ம போன்லதான் பிரச்னை போல' என்று நினைத்துக்கொண்டு, அடுத்த முறை தங்கிலீஷுக்குத் தாவியிருப்போம்.

எழுத்து பயணம் செய்வதில்லை, எண்தான் பயணம் செய்கிறது

நீங்கள் 'அ' என்று டைப் பண்ணி அனுப்பினால், கம்பி வழியாக 'அ' போவதில்லை. அதற்கான எண்தான் போகிறது. கூடவே, 'இந்த எண்களை இந்த அட்டவணையை வைத்துப் படி' என்று ஒரு சீட்டும் போகும். மெயில் பெறும் மென்பொருள் அந்தச் சீட்டைப் பார்த்து, அந்த அட்டவணைப்படி எண்களை எழுத்தாக மாற்றித் திரையில் காட்டும்.

இன்று உலகம் முழுக்கப் புழங்கும் அட்டவணை யூனிகோடு. அதில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனித் தொகுதி இருக்கிறது. அந்த எண்களை அனுப்புவதற்கு ஏற்றபடி பொட்டலம் கட்டும் முறைதான் யூடிஎஃப்-8. இந்த முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் 'த'வுக்கு 3 பைட் வேண்டும். 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு 3 எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 துண்டுகள். மொத்தம் 15 பைட்.

இதில் எந்த இடத்தில் தப்பு நடக்கிறதோ, அதற்கேற்ற மாதிரிதான் எழுத்து உடையும். அதாவது, உடைந்த விதத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

கட்டமா, கிறுக்கலா, கேள்விக்குறியா?

கட்டம் கட்டமாகத் தெரிந்தால், எண்ணும் சரி, சீட்டும் சரி. அந்த எழுத்தை வரைந்து காட்டுகிற ஃபான்ட் மட்டும் உங்கள் கருவியில் இல்லை. டைப்பிங் உலகில் இந்தக் கட்டங்களுக்கு 'டோஃபு' என்று செல்லப் பெயர். 'இனி டோஃபுவே கூடாது' என்று பெயரிலேயே சொல்லித்தான் கூகுள் தன் ஃபான்ட் குடும்பத்துக்கு 'நோட்டோ' என்று பெயர் வைத்தது. இது சின்ன நோய். ஃபான்ட் வந்தால் மெயில் அப்படியே மீண்டுவிடும்.

'கொ' என்ற எழுத்தில் கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரிந்தால், எழுத்தைக் கோக்கும் மென்பொருளில் சிக்கல். கணினி 'கொ'வை 'க' என்றும், பின்னால் வரும் 'ஒ'கரக் குறி என்றும்தான் சேமிக்கிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து ஒன்றை முன்னால், ஒன்றைப் பின்னால் வைப்பது திரையில் வரையும்போது நடக்கிற வேலை. அதைச் செய்யத் தெரியாத பழைய மென்பொருள்தான் இப்படிப் பிய்த்துப் போடும். இதுவும் மீளும்.

தலையில் சாய்வுக் கோடு போட்ட ஒரு ஃப்ரெஞ்ச் எழுத்து, அதன் பக்கத்தில் கம்பெனி லோகோக்களில் பார்க்கும் வட்டத்துக்குள் 'ஆர்' என்ற முத்திரை, பிறகு இன்னொரு கிறுக்கல்... இதே வரிசை திரும்பத் திரும்ப வருகிறதா? சந்தேகமே வேண்டாம். அது யூடிஎஃப்-8இல் வந்த தமிழ். சீட்டு தொலைந்துபோனதால், மேற்கு ஐரோப்பிய மொழிகளின் அட்டவணையை வைத்துப் படித்துவிட்டார்கள். தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே மாதிரி முதல் இரண்டு பைட்களோடு தொடங்குவதால்தான் அதே கிறுக்கல் மறுபடி மறுபடி வருகிறது. ஜப்பானியர்களுக்கு இந்தத் தொல்லை எவ்வளவு பழக்கம் என்றால், 'மோஜிபாகே' என்று இதற்குத் தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். பார்க்கத்தான் பயங்கரம். பெரும்பாலும் சரியான அட்டவணையைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் திரும்பிவிடும்.

கடைசி வகைதான் சித்திக்கு நடந்தது: கேள்விக்குறி. இது மோசமான நோய். நடுவில் இருக்கும் ஏதோ ஒரு மென்பொருளின் அட்டவணையில் தமிழுக்கு இடமே இல்லை. அதனால் ஒவ்வொரு துண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டது. 'வணக்கம்' என்று அனுப்பினால் 7 கேள்விக்குறி வரும். அது 'வணக்கம்' என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஃபான்ட் போட்டாலும், எந்த செட்டிங் மாற்றினாலும் திரும்பி வராது. எழுதியது அழிந்துவிட்டது. எண்களும் முற்றுப்புள்ளியும் எல்லா அட்டவணைகளிலும் இருப்பதால் அவை மட்டும் பிழைத்தன.

ஆக, சித்தி எதையும் தப்பாக அமுக்கவில்லை. அவர் எழுதியதை வாங்கிய பிறகு, அந்தப் பக்கம்தான் தொலைத்துவிட்டது. தொலைத்தவர்களே 'விவரம் போதவில்லை' என்றும் சொல்லிவிட்டார்கள்.

தீர்வுக்கு வயசு உங்களைவிட அதிகம்

'புதுத் தொழில்நுட்பம், கொஞ்சம் டைம் கொடுங்க' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தத் தீர்வு ரொம்பப் பழசு.

நெட்வொர்க் வழியாக முதல் மின்னஞ்சலை ரே டாம்லின்சன் அனுப்பியது 1971இல். அன்று இருந்த அட்டவணை ஆஸ்கி. மொத்தமே 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள், கணினிக்கான கட்டளைகள்... அவ்வளவுதான். 1982இல் மெயில் அனுப்புவதற்கான விதிகளை எழுதியபோதும் அந்த 128ஐத்தான் மனதில் வைத்தார்கள். தமிழை விடுங்கள், ஃப்ரெஞ்சுக்காரர்கள் தங்கள் எழுத்தின் தலைக்கோட்டைக்கூட ஒழுங்காக அனுப்ப முடியாத காலம் அது.

1992இல் நதானியல் போரென்ஸ்டீனும் நெட் ஃபிரீடும் 'மைம்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். மெயிலில் போட்டோவும் பாட்டும் இணைத்து அனுப்ப முடிவது இதனால்தான். 'இந்த மெயில் எந்த அட்டவணையில் எழுதப்பட்டது' என்ற சீட்டை ஒட்டும் வழக்கமும் இதில்தான் வந்தது. மெயிலின் தலைப்பு வரியில் பிற மொழி எழுத்துகளை எப்படி மடித்து அனுப்புவது என்ற விதியும் அதே ஆண்டு வந்துவிட்டது. சில மெயில்களில் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறியும் கேள்விக்குறியுமாகத் தொடங்கி, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக ஓடுமே... அது மடித்து அனுப்பிய தலைப்புதான். அதைப் பிரித்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. பிரிக்கவில்லை என்றால் கடிதத்துக்குப் பதில் கவரைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

யூடிஎஃப்-8ம் அதே 1992இல் பிறந்ததுதான். நியூ ஜெர்சியில் ஒரு ஹோட்டலில் ராத்திரி சாப்பிடும்போது, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கென் தாம்சன் எழுதிக் காட்ட, பக்கத்தில் ராப் பைக் இருந்தார். யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழ் அதில் இருந்தது. இன்றைக்கு இணையதளங்களில் 98 சதவிகிதத்துக்கு மேல் யூடிஎஃப்-8தான்.

அப்புறம் ஏன் தமிழுக்கு இவ்வளவு லேட் ஆச்சு? எழுதி வைத்த விதி கணினிக்குள் வர வருஷங்கள் பிடித்தன. விண்டோஸ் 2000இல்தான் யூனிகோடு தமிழ் 'லதா' ஃபான்ட்டோடு வந்தது. அதுவரை நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், இலங்கைத் தமிழர்களிடம் பரவிய பாமினி, டிஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் என்று ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். பிரச்னை, வழிகள் அதிகமாகிவிட்டதுதான். அனுப்புகிறவரிடம் இருக்கும் ஃபான்ட் பெறுகிறவரிடமும் இருந்தால்தான் கடிதம் கடிதமாகத் தெரியும்.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கணினி உண்மையில் சேமிப்பது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போடுவதுதான் பாமினி ஃபான்ட்டின் வேலை. உங்கள் போனில் அந்த முகமூடி இல்லை. அதனால்தான் அச்சகத்திலோ அலுவலகத்திலோ பழைய ஃபைலிலிருந்து காப்பி பண்ணி அனுப்பும் மெயில் உங்களுக்கு ஆங்கிலக் குப்பையாக வந்து விழுகிறது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடுதான் தரம் என்று தமிழக அரசு அறிவித்தது. அதற்கு அப்புறமும் பழைய ஃபான்ட்டில் அடித்த ஃபைல்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

உங்க அண்ணன், அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். 2010 வாக்கில் போனில் தமிழ் படிக்க ஓபரா மினியில் ஒரு மறைவான செட்டிங்கைத் தட்டிவிட்டு, எழுத்துகளைப் படமாக வரவைத்துப் படித்த கதை சொல்வார்கள். அந்தக் கஷ்டமெல்லாம் போய், இன்று 8,000 ரூபாய் போனில்கூடத் தமிழ் பளிச்சென்று தெரிகிறது. நம் கையில் இருக்கும் முனை சரியாகிவிட்டது. சரியாகாதது எதிர் முனை.

வாட்ஸ்அப்ல வருதே, மெயில்ல ஏன் வரலை?

நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் அனுப்பும் முனை, பெறும் முனை இரண்டுமே ஒரே கம்பெனியின் கையில் இருக்கிறது. மெயில் அப்படி இல்லை. நீங்கள் ஒரு நிறுவனத்துக்கு எழுதுவது அவர்களின் இணையப் படிவம், அதன் பின்னால் இருக்கும் டேட்டாபேஸ், மெயில் அனுப்பும் சர்வர், புகார்களைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் என்று பல கை மாறும். ரிலே ரேஸ் மாதிரி. ஒருத்தர் சீட்டைக் கீழே போட்டாலும் கதை முடிந்தது. பழைய டேட்டாபேஸில் மேற்கு ஐரோப்பிய அட்டவணையை வைத்துக்கொண்டு அப்படியே விட்டிருந்தால், தமிழ் அங்கே கேள்விக்குறி ஆகிவிடும்.

அலுவலகத்தில் இன்னொரு பொறி எக்செல். பெயர்ப் பட்டியல் சிஎஸ்வி ஃபைலாக வரும். அதை டபுள் கிளிக் பண்ணித் திறந்தால் எக்செல் பல நேரம் தப்பான அட்டவணையை எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாகும். கவனிக்காமல் சேவ் பண்ணி, அதை வைத்து மொத்தமாக மெயில் அனுப்பினால் 'அன்புள்ள' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கிறுக்கல்தான் நிற்கும். பெயர் உடைந்த மெயிலைத் திறக்கும்போது வரும் கடுப்பு, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சரி, இதெல்லாம் கஷ்டமான வேலையா? உங்க இன்பாக்ஸைத் திறந்து பாருங்கள். தீபாவளி ஆஃபர் மெயிலின் தலைப்பில் பட்டாசு எமோஜி, தீ எமோஜி, இதய எமோஜி எல்லாம் சேதாரம் இல்லாமல் வந்திருக்கும். எமோஜியும் யூனிகோடுதான். அதுவும் தமிழ் எழுத்து மாதிரியே எண்ணாகி, மடிக்கப்பட்டு, அதே வழியில்தான் வருகிறது. சொல்லப்போனால் தமிழுக்கு 3 பைட் என்றால் பெரும்பாலான எமோஜிகளுக்கு 4 பைட் வேண்டும். நமக்கு விற்க வரும் வழியில் பட்டாசு பத்திரமாக வருகிறது. நாம் குறை சொல்லப் போகும் வழியில் 'அம்மா' உடைகிறது. அப்படியென்றால் இது தொழில்நுட்பப் பிரச்னை இல்லை. எந்தக் கதவை யார் பராமரிக்கிறார்கள் என்ற பிரச்னை.

தமிழிலேயே மெயில் முகவரி

கடிதம் மட்டுமில்லை, முகவரியே தமிழில் இருக்கலாம். அதற்கான சர்வதேச விதிகள் 2012இல் வந்துவிட்டன. ஆங்கிலம் அல்லாத எழுத்தில் உள்ள முகவரிகளுக்கு அனுப்பவும் பெறவும் ஜிமெயில் 2014இல் வழி செய்தது. 2018 பிப்ரவரியில், உலகத் தாய்மொழி நாளன்று, இந்திய மொழி முகவரிகளை ஏற்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இணைய முகவரியின் கடைசியில் வரும் பகுதிகூட '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கிறது.

ஆனால் அப்படி ஒரு முகவரியை ஏதாவது ஒரு விண்ணப்பப் படிவத்தில் போட்டுப் பாருங்கள். 'சரியான மின்னஞ்சல் முகவரியைத் தரவும்' என்று சிவப்பில் திட்டு விழ வாய்ப்பு அதிகம். முகவரி என்றால் ஆங்கில எழுத்தும் எண்ணும்தான் என்று யாரோ எப்போதோ எழுதிய ஒரு வரி கோடு அங்கே காவலுக்கு நிற்கிறது. கையில் செல்லும் முகவரி இருக்கும், ஆனால் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள். சித்தியிடம் 'விவரம் போதாது' என்று சொன்னார்களே, அதே கதைதான்.

நாம் என்ன செய்யலாம்?

உடைந்த மெயில் வந்தால், முதலில் எந்த வகை என்று பாருங்கள். கிறுக்கல் என்றால் அழித்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் வைத்திருந்தால் 'வியூ' மெனுவில் எழுத்து முறையைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்கில் 'என்கோடிங்' மெனுவில் யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுக்கலாம். ஜேகேபிஓ ரகக் குப்பை என்றால், அதை யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. கேள்விக்குறி என்றால் மட்டும் நேரத்தை வீணாக்க வேண்டாம். அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

முக்கியமான புகாரோ விண்ணப்பமோ தமிழில் அனுப்புகிறீர்களா? படிவத்தில் நேரடியாக டைப் பண்ணாமல், நோட்ஸில் எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். உடைந்தாலும் உங்களிடம் ஒரு பிரதி இருக்கும். அதையே பிடிஎஃப் ஆக்கி இணைத்தும் அனுப்பலாம். ஆனால் பிடிஎஃப்போடு நிறுத்திவிடாமல், மெயிலின் உள்ளேயும் தமிழில் எழுதுங்கள். படமாகவும் பிடிஎஃப்பாகவும் மட்டுமே தமிழ் போய்க்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் உடைவது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

அலுவலகத்தில் எக்செல் பார்ப்பவரா நீங்கள்? சிஎஸ்வியை டபுள் கிளிக் பண்ணாமல், 'டேட்டா' மெனு வழியாக யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள். சேவ் பண்ணும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஐடியில் இருக்கிறீர்களா? (இதைப் படிப்பவர்களில் நிறைய பேர் கை தூக்குவீர்கள் என்று தெரியும்.) நீங்கள் கட்டும் படிவத்தை 'டெஸ்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்ப்பதோடு விடாதீர்கள். உங்க அம்மா பெயரைத் தமிழில் அடித்து, அது டேட்டாபேஸ் வரை போய், மெயிலாகத் திரும்பி வருகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அஞ்சு நிமிஷ வேலை. தலைப்பு வரியில் கொஞ்சம் நீளமாகவே தமிழ் போட்டுப் பாருங்கள். நீளமான தலைப்பைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்புவார்கள். அப்போது ஒரு தமிழ் எழுத்தின் 3 பைட்களுக்கு நடுவில் கத்தி விழக் கூடாது என்பது விதி. அது அடிக்கடி மீறப்படுகிறது.

இது எதுவும் செய்ய நேரமில்லை என்றால், ஒன்றாவது செய்யுங்கள். தமிழ் உடைந்து வந்த மெயிலுக்கு ரிப்ளை பண்ணி, 'நான் எழுதியது உங்கள் பக்கம் உடைந்திருக்கிறது, சரிபார்க்கவும்' என்று சொல்லுங்கள். யாரும் புகார் சொல்லாத பிரச்னையை எந்தக் கம்பெனியும் சரிசெய்யாது. இந்தப் பிரச்னையைப் பற்றிய புகாரும் கேள்விக்குறியாகிவிடும் என்பதால், இந்த ஒரு வரியை மட்டும் ஆங்கிலத்திலும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

சித்தியின் ஃப்ரிட்ஜ் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவர் எழுதிய ஒரு பக்கத்தை நான் நாலு வரி இங்கிலீஷாகச் சுருக்கி அனுப்பினேன். ரெண்டு நாளில் ஆள் வந்து பார்ட் மாற்றிவிட்டுப் போனார்கள். கூலிங் சூப்பர். மெக்கானிக் ரெண்டாவது தடவை வந்தப்போ சித்தியிடம் என்ன சொன்னார், அதில் அவருக்கு ஏன் கோபம் வந்தது என்பதெல்லாம் அந்த நாலு வரியில் இல்லை.

"இனிமே எதுனாலும் உனக்கே போன் பண்றேன்ப்பா, நீ இங்கிலீஷ்லயே போட்டுடு" என்றார் சித்தி சிரித்துக்கொண்டே. தமிழ் டைப்பிங்கில் என்னைவிட வேகமான சித்தி, அதற்கப்புறம் எந்தக் கம்பெனிக்கும் தானாக ஒரு மெயில் எழுதவில்லை.